எந்த வருஷத்து அம்மன்

12 ஜனவரி 2025, ஞாயிறு

மயில் போட்டேன். பார்த்தவர்கள் எல்லோரும் வாத்து என்றார்கள்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு, சந்தில் கோலப்போட்டி. எதிர்வீட்டுச் சித்தி காலையிலேயே கலர்ப்பொடி டப்பாக்களோடு வந்துவிட்டாள். “ஏட்டி பேராச்சி, நீதான் ஆர்ட்டு படிக்கியே. நம்ம வாசலுக்கு ஒரு மயிலு போட்டுக் குடு.” நான் படிப்பது கலை வரலாறு, அங்கே வரையச் சொல்லித்தர மாட்டார்கள், மற்றவர்கள் வரைந்ததைப் பார்த்து எழுதத்தான் சொல்லித்தருவார்கள் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிவருகிறேன். தாராவியில் இதை நம்பியவர் இதுவரை யாருமில்லை.

“அடுத்தவன் வரைஞ்சதப் பாக்கதுக்கு ஒரு படிப்பா?” என்றாள் சித்தி.

எம்.ஏ. சேரும்போது நடந்த நேர்காணலில்கூட இவ்வளவு கூர்மையாக யாரும் கேட்கவில்லை.

வாத்துக்கு ஆறுதல் பரிசு. ஒரு எவர்சில்வர் தட்டு.

16 ஜனவரி, வியாழன்

பிறகு தெரியாது என்று சொல்லக்கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்: ஆய்வேடு கொடுக்கக் கடைசித் தேதி ஏப்ரல் 30. கொடுக்காவிட்டால் ஒரு வருஷம் போகும். அந்த ஒரு வருஷத்தை அப்பா தரமாட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. லெதர் பட்டறையில் தோல் வெட்டும் மாஸ்டர் ஒருவர், பி.காம். முடித்த மகளை இரண்டு வருஷம் “படம் பாக்க” அனுப்பியதே பெரிய விஷயம். விக்ரோலியில் பெரியப்பா வேலை பார்க்கும் கம்பெனியில் எனக்காக ஒரு நாற்காலி காத்திருக்கிறது. மே மாதம்வரை காத்திருக்குமாம். நாற்காலிக்கு இருக்கும் பொறுமை!

ஆய்வேடு, எங்கள் சந்து முனையில் இருக்கும் அம்மன் கோயிலின் உட்சுவரைப் பற்றியது. ஆறடி உயரத்தில் அம்மன். பின்னால் வயலோ மலையோ இல்லை, பம்பாயின் பழைய பெரிய ரயில் நிலையம், வீ.டி. ஸ்டேஷன். காலடியில் லோக்கல் ரயில். ஒரு ஓரத்தில் தோல் பதனிடும் ஆலையின் புகைபோக்கி. வலது காலுக்குப் பக்கத்தில் மட்டும் ஒன்றுமே வரையாத ஒரு கறுப்புச் சதுரம். வரைந்தது யார், எந்த வருஷம், எதுவும் தெரியாது. திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள் தங்கள் அம்மனுக்கு பம்பாயைச் சுற்றிக்காட்டிய சுவர். இது என் வாக்கியம். ஆங்கிலத்தில் இதைவிடக் கர்வமாக இருக்கிறது.

பிறந்ததிலிருந்து அந்தச் சுவருக்குக் கீழே உட்கார்ந்து சுண்டல் தின்றிருக்கிறேன். எம்.ஏ. சேர்ந்த பிறகுதான் அண்ணாந்து பார்த்தேன்.

26 ஜனவரி, ஞாயிறு

வகுப்புத் தோழி ஷைஸ்தாவின் கேமராவை ஒருவழியாக இரவல் வாங்கினேன். இதுவரை சுவரை ஒரு படம்கூட எடுக்கவில்லை. முதலில் கண்ணால் பார், அவசரப்படாதே என்று ஒரு புத்தகத்தில் படித்ததிலிருந்து கண்ணால் மட்டுமே பார்த்துவருகிறேன். போனில் எடுப்பது சுவருக்குச் செய்யும் அவமரியாதை என்று ஒரு எண்ணம் வேறு. மூன்று நோட்டு நிறையக் குறிப்பு இருக்கிறது.

இன்று இரண்டு மணி நேரம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் நாற்பத்து மூன்று படமும் அம்மனின் இடது கை. அந்தச் சுண்டுவிரலில் ஒரு கோணல் இருக்கிறது. வரைந்தவனின் பயமா, துணிச்சலா என்று யோசித்துக்கொண்டே எடுத்ததில் பேட்டரி தீர்ந்துவிட்டது.

ஷைஸ்தா போனில் ஐந்து நிமிஷம் சிரித்தாள். “பாகல் ஹை க்யா? பைத்தியமா நீ? பாக்கி அம்மன் எங்கே?”

பாக்கி அம்மன் எங்கே போய்விடப்போகிறாள்? அடுத்த முறை எடுத்துக்கொள்ளலாம்.

27 ஜனவரி

நாற்பத்து மூன்றில் முப்பதில் ட்யூப்லைட் வெளிச்சம் விழுந்திருக்கிறது.

5 பிப்ரவரி, புதன்

இரண்டாம் அத்தியாயம் முடிந்தது. அந்தக் கறுப்புச் சதுரத்துக்கு மட்டும் பதினோரு பக்கம். விட்டுவந்த ஊரை வரைய முடியாமல் ஓவியன் வேண்டுமென்றே விட்ட வெற்றிடம் என்று எழுதியிருக்கிறேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அம்மனின் புருவ வளைவைச் சோழர்காலச் செப்புத் திருமேனிகளோடு ஒப்பிட்டு ஒரு பத்தி. அதற்குக் கலங்கவில்லை, ஆனால் எழுந்து போய்க் கண்ணாடியில் என் புருவத்தைப் பார்த்தேன்.

7 பிப்ரவரி, வெள்ளி

என் ஆய்வுக்கு வழிகாட்டி சுஷ்மா மேடம். மாட்டுங்காக்காரர். பிறந்ததிலிருந்து தாராவிக்குப் பத்து நிமிஷ தூரத்தில் இருக்கிறார், வந்ததே இல்லை. இன்று, “நாப்பது பக்கம் படிச்சாச்சு. இனி சொவரைப் பாக்காம தூக்கம் வராது. அடுத்த சனிக்கிழமை வரட்டுமா?” என்றார்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன்: எங்க டீச்சர் வர்றாங்க, கோயில் சுவரைப் பாக்க, ரொம்ப முக்கியமான சுவருன்னு நெனைக்கிறாங்க. அம்மா, “நம்ம சொவத்தையா?” என்றாள். ஆமாம் என்று புத்தகத்தைத் திறந்துவிட்டேன். மேலே விளக்கம் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

13 பிப்ரவரி, வியாழன்

மூன்று நாளாக ஆண்டாப் ஹில்லில் ஷைஸ்தா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். எங்கள் வீடு ஒரு கோலி, அதாவது ஒற்றை அறை. நான்கு பேர், ஒரு மிக்ஸி.

அம்மா போன் செய்தாள். “நீ ஒண்ணுத்துக்கும் கவலப்படாத. இங்க எல்லாம் ரெடி பண்ணிட்டோம்.” டீயும் பிஸ்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். நல்ல அம்மா.

15 பிப்ரவரி, சனி

அடிச்சிட்டாங்க.

மொத்தச் சுவரையும் அடிச்சிட்டாங்க. ஆயில் பெயின்ட். பளபளன்னு — என் மூஞ்சி தெரியுது அதுல.

நிதானமாக எழுத முயல்கிறேன். மேடத்தைச் சயான் ஸ்டேஷனில் அழைத்துக்கொண்டு சந்துக்குள் நுழைந்தால் வாசலில் வாழைமரம், ஸ்பீக்கரில் பாட்டு. கோயில் கமிட்டிப் பொருளாளர் முத்துமாரி அத்தை பட்டுப்புடவையில் ஆரத்தித் தட்டோடு நிற்கிறாள். உள்ளே போனோம். அம்மன் நீலப் புடவை கட்டியிருந்தாள். போன வாரம்வரை சிவப்பு. வீ.டி. ஸ்டேஷன் ரோஜா நிறத்தில். என் கறுப்புச் சதுரத்தில், என் பதினோரு பக்கத்தில், ஒரு பெரிய தாமரை. ரயிலுக்கு மட்டும் நேரம் போதவில்லையாம், பென்சில் கோட்டோடு நிற்கிறது. மே மாதக் கொடைத் திருவிழாவுக்கு முன்னால் முடித்துவிடுவார்களாம்.

பெயின்டர் மகேஷ்குமார் தலையில் பெயின்ட் புள்ளிகளோடு முன்னால் வந்தான். “மூணு நாளு பிரஷ்ஷக் கீழ வைக்கல பேராச்சி. உங்க டீச்சருக்காகத்தான் இவ்ளோ ஷைனிங். பத்து வருஷம் கேரண்டி.”

மேடத்துக்குச் சால்வை போர்த்தினார்கள். ரோஸ்மில்க் கொடுத்தார்கள். “டீச்சரம்மா, நல்லா பாத்துட்டு மார்க்கு போட்ருங்க, பிள்ள ராப்பகலாப் படிக்கா,” என்றாள் அத்தை. மேடம் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டு, “ரொம்ப அழகா இருக்கு,” என்றார். என் பக்கம் திரும்பவில்லை.

டாக்சியில் ஏறும்போது மட்டும் மெதுவாகக் கேட்டார்: “நீ எழுதின நாப்பது பக்கமும் இந்தச் சொவர்ல எங்கேம்மா இருக்கு?”

16 பிப்ரவரி

இன்று எதுவும் எழுதுவதாக இல்லை.

17 பிப்ரவரி, திங்கள்

மேடத்தின் அறை.

“பழைய சொவரோட முழுப்படம் ஒண்ணுகூடவா எடுக்கலை நீ?”

“எடுத்தேன் மேடம். கை.”

“கை?”

“நாற்பத்து மூணு.”

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பில் நெடுநேரம் துடைத்தார். சிரிப்பை அடக்கினாரா, கோபத்தையா, தெரியவில்லை. பிறகு சொன்னார்: ஆதாரம் இல்லாமல் கையெழுத்துப் போட முடியாது. அந்தச் சுவர் எப்படி இருந்தது என்று காட்ட ஏதாவது கொண்டுவா. மார்ச் முடிவதற்குள். இல்லையென்றால் அடுத்த வருஷம் வேறு தலைப்பு.

அடுத்த வருஷம் எனக்கு ஒரு நாற்காலி இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

18 பிப்ரவரி, செவ்வாய்

சண்டை போடத்தான் போனேன். செவ்வாய்க்கிழமை, பூஜைப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள் முத்துமாரி அத்தை. யாரக் கேட்டு அடிச்சீங்க என்று ஆரம்பித்தேன். அவர்கள் கோயிலில் நின்றுகொண்டு, அவர்கள் சுவரைப் பற்றி. இப்போது எழுதும்போது காது சூடாகிறது.

“விருந்தாளி வாராங்கன்னு உங்கம்மா சொன்னா. கரி பிடிச்ச சொவத்தையா காட்டச் சொல்லுத?”

“எனக்கு அந்தக் கரி பிடிச்ச சுவருதான் அத்தை வேணும்.”

“அத நீ எப்பட்டி சொன்ன?” சொம்பை நங்கென்று வைத்தாள். “ரெண்டு வருஷமா நோட்டும் கையுமா வருவ. குத்தவச்சு அண்ணாந்து பாப்ப. என்னட்டி எழுதுதன்னு கேட்டா ‘ஒண்ணுமில்லத்தை’ம்ப. சொவரு அழுக்கா கெடக்குன்னு எழுதுதியோன்னு எனக்கு ஒரே வெக்கம். அதான் டீச்சர் வாரதுக்குள்ள அடிச்சிரணும்னு கமிட்டில சண்டை போட்டு அடிக்க வச்சேன்.”

மூன்று நோட்டு. ஒரு வரிகூட அவளிடம் படித்துக் காட்டியதில்லை.

நான் அழுவேன் என்று நினைத்தாளோ என்னவோ, கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். “சரி, விடு. எந்த வருஷத்து அம்மன் வேணும் உனக்கு?”

“என்னது?”

“இப்ப அடிச்சது அஞ்சாவது தரம்லா.”

23 பிப்ரவரி, ஞாயிறு

கலை வரலாற்று மாணவி, இரண்டு வருஷம் சுவரைப் பார்த்தவள், அது நான்கு முறை மேலடிக்கப்பட்ட சுவர் என்பதைப் பாத்திரம் கழுவுபவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பட்டமளிப்பு விழாவில் இதை வாசித்துவிட்டுக் கொடுக்கட்டும்.

இப்போது வீடு வீடாக ஆல்பம் கேட்டுப் போகிறேன். எங்கள் சந்தில் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எதுவானாலும் முதல் போட்டோ அந்தச் சுவர் முன்னால்தான் எடுப்பார்கள். அதுதான் ராசி. ஆகவே படங்கள் இருக்கின்றன. என்ன, எல்லாவற்றிலும் அம்மனை மறைத்துக்கொண்டு யாராவது நிற்கிறார்கள். ஒரு மாமாவின் காதுக்கும் ஒரு அத்தையின் கொண்டைக்கும் நடுவே வீ.டி. ஸ்டேஷனின் கோபுரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். போன மாதம்வரை எனக்கு ட்யூப்லைட் இடைஞ்சலாக இருந்தது!

2 மார்ச், ஞாயிறு

எங்கள் வீட்டுப் பரணிலிருந்து அம்மா ஒரு பிளாஸ்டிக் பையை இறக்கினாள். 2007 கொடை. புதுப் பாவாடை, முன்பல் இரண்டும் இல்லை, ஈ என்று இளிக்கிறேன். எனக்குப் பின்னால் அம்மன்.

பச்சைப் புடவை.

அந்தச் சிவப்பு அம்மனுக்குக் கீழேதான் நான் வளர்ந்தேன் என்று முன்னுரையில் எழுதியிருக்கிறேன். முதல் வாக்கியமே அதுதான். எனக்கு ஆறு வயதுவரை அவள் பச்சை. அடுத்த வருஷம் மேலே அடித்திருக்கிறார்கள். கண்ணெதிரே. எனக்கு ஞாபகமே இல்லை. பழுப்பு ரயில் வெள்ளையும் ஊதாவுமாக மாறியதுகூட.

என் கண்ணை நம்பித்தான் படம் எடுக்காமல் இருந்தேன்.

9 மார்ச், ஞாயிறு

கோயிலில் பாய் விரித்து ஆல்பங்களைப் பரப்பினோம். பதினேழு பெண்கள், ஒரு மூட்டைப் படம். முதல்முறையாக, நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று தமிழில் சொன்னேன். ஆங்கிலத்தில் கம்பீரமாக இருந்தது, தமிழில் சொன்னதும் பாதி தானாகவே உதிர்ந்துவிட்டது. மீதியை அவர்கள் உதிர்த்தார்கள்.

வருஷம் கண்டுபிடிக்கும் முறை இது:

“இது எந்த வருஷம்?”

“சுடலி காதுகுத்து. அப்ப நான் முழுகாம இருந்தேன்.”

“எந்தப் பிள்ளைக்கு?”

“ரெண்டாவதுக்கு. மசக்கைல மூஞ்சி எப்படி வீங்கிக் கெடக்கு பாரு.”

“அவனுக்கு இப்ப என்ன வயசு?”

“முப்பத்தேழு முடியப்போகுது. இன்னும் டோம்பிவிலில வாடகைக்குத்தான் கெடக்கான்.”

ஆகவே 1988க்கு முன்னால். புடவை மஞ்சள். இதற்கு எங்கள் துறையில் ஒரு பெயர் இருக்கும். இல்லாவிட்டால் வைக்க வேண்டும்.

புருவத்தைப் பற்றிச் சொன்னேன். சோழர் என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததும் எதிர்வீட்டுச் சித்தி சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். சிவப்பு அம்மனை வரைந்த பெயின்டர் அந்தக் காலத்து நடிகை ஒருத்தியின் போஸ்டரைப் பக்கத்தில் ஒட்டிவைத்து வரைந்தானாம்.

பிறகு 1991 கல்யாணப் படம் ஒன்று. மாப்பிள்ளையின் முழங்கைக்குப் பின்னால் என் கறுப்புச் சதுரம். அது சதுரம் இல்லை. கரண்ட் மீட்டர் பெட்டி.

பெட்டியை எடுக்க முடியாததால் சுற்றி வரைந்திருக்கிறார்கள். வெற்றிடம், விட்டுவந்த ஊர், வரைய முடியாத துயரம் — மீட்டர் பெட்டி! தாழையூத்தில் பிறந்த ஒரு அத்தை, “எங்க ஊரு அவ்வளவு கருப்பா இருக்காதுட்டி,” என்று ஆறுதல் சொன்னாள்.

ஒரே ஒரு ஆறுதல்: பெட்டியை வெளிச்சுவருக்கு மாற்றியது 1995இல். அதற்குப் பிறகு வந்த இரண்டு பெயின்டர்களும், அங்கே ஏதோ காரணம் இருக்கும் என்று அந்த இடத்தை அப்படியே கறுப்பாக விட்டிருக்கிறார்கள். இல்லாத பெட்டிக்கு மரியாதை செய்தது நான் மட்டும் இல்லை.

12 மார்ச்

எல்லாப் படத்திலும் சுண்டுவிரல் அதே கோணல். எப்படி?

16 மார்ச், ஞாயிறு

மகேஷ்குமாரிடம் கேட்டேன். அவன் என்னைப் பாவமாகப் பார்த்தான்.

“கையை யாரு தொடுவா? முகம் வரைஞ்சிரலாம், கை வரைஞ்சா மாட்டிக்கிடுவோம். அஞ்சு விரலும் வாழைப்பழம் மாதிரி வந்துரும். எனக்கு வேலை சொல்லிக் குடுத்தவனும் கையை விட்டுட்டுத்தான் அடிப்பான். நானும் வார்னிஷ் மட்டும் தடவுனேன்.”

“அப்ப கை இன்னும் இருக்கா?”

“பின்ன எங்க போகும்? நீ பாக்கலியா?”

பார்க்கவில்லை. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஒருமுறைகூடச் சுவரைப் பார்க்கவில்லை. துக்கம் கொண்டாடுவதில் அவ்வளவு மும்முரம்.

ஏணியைப் போட்டு, என்னை ஏறச் சொன்னான். நீலப் புடவை மணிக்கட்டு ஓரத்தில் முடிகிறது. அதன் விளிம்பில், விரல் நகத்தால் தடவினால் படிப்படியாகத் தட்டுப்படுகிறது: நீலம், அடியில் சிவப்பு, பச்சை, மஞ்சள். அதற்கும் கீழே, வெடிப்பு விழுந்த, மெல்லிய, பழைய கை. முதல் ஆள் வரைந்தது. ஐந்து அம்மன்களுக்கும் அதே ஒரு கை.

நாற்பத்து மூன்று படம் எடுத்திருக்கிறேன் அதை.

ஏணியிலிருந்து இறங்கும்போது ஒரு படியைத் தவறவிட்டேன். “உயரம்னா பயமா?” என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பிறகு, இந்தமுறை ‘ஒண்ணுமில்ல’ என்று முடித்துக்கொள்ளாமல், எதனால் தவறவிட்டேன் என்று சொன்னேன். அவன் ஏணியை எடுத்து ஓரமாகச் சாத்திவிட்டு, “அப்ப எங்க பேரும் எழுதுவியா?” என்று கேட்டான்.

எழுதுவேன். சிவப்பு அம்மனின் பெயின்டர் பெயரையும் கண்டுபிடித்தாக வேண்டும்.

24 மார்ச், திங்கள்

பழைய அத்தியாயங்களை எடுத்துவிட்டேன். மீட்டர் பெட்டிப் பக்கங்களை மட்டும் ஒரு பிற்சேர்க்கையாக வைத்திருக்கிறேன், ஆராய்ச்சியாளர் செய்த தவறு என்ற தலைப்பில். புதிது இப்படி: ஒரு சுவர், ஐந்து அம்மன், ஒரு கை, முப்பத்திரண்டு குடும்பப் படங்கள்.

மேடம் ஒரு மணி நேரம் படித்தார். நான் ஜன்னல் கம்பிகளை எண்ணினேன்.

“பதினோரு பக்கம் மீட்டர் பாக்ஸைப் பத்தியா எழுதியிருந்தே?”

“ஆமாம் மேடம்.”

“நான் அதைப் படிச்சுட்டு ‘அற்புதம்’னு மார்ஜின்ல எழுதினேனே.”

“அந்தப் பக்கத்தைத்தான் அப்படியே ஸ்கேன் பண்ணிப் பிற்சேர்க்கையில் வெச்சிருக்கேன்.”

பயந்துகொண்டேதான் சொன்னேன். மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வருஷம் எல்லாம் இன்னும் கொஞ்சம் உறுதியா வேணும். யாராவது எங்கயாவது தேதி போட்டுவெச்சிருந்தா எவ்வளவு நன்னா இருந்திருக்கும்,” என்றார். பிறகு முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

ரயிலில் சயான் தாண்டிப் போய்விட்டேன். குர்லாவில் இறங்கித் திரும்பி வந்தேன்.

30 ஏப்ரல், புதன்

கொடுத்துவிட்டேன். ஆபீஸ் கிளார்க் அட்டைப்படத்தைப் பார்த்துவிட்டு, “நீயே வரைந்ததா?” என்று மராத்தியில் கேட்டார்.

4 மே, ஞாயிறு

செவ்வாய்க்கிழமை கொடை. மகேஷ்குமார் ரயிலை முடிக்க வந்திருந்தான். எந்த ரயில் என்று கமிட்டியில் ஓட்டெடுப்பு. ஏ.சி. லோக்கல் பெரும்பான்மையில் ஜெயித்தது. கதவு மூடின ரயிலில் அம்மன் எப்படி ஏறுவாள் என்று ஒரு மாமா மட்டும் கடைசிவரை வாதாடினார்.

அப்பா பட்டறையிலிருந்து நேராக வந்து பின்னால் நின்றிருந்தார். பெரியப்பா போன வாரம் கேட்டாராம். “அவ வேலை இன்னும் முடியல, அந்த நாற்காலில வேற ஆளப் போடச் சொல்லிட்டேன்,” என்றார், ரயிலைப் பார்த்தபடியே. சிவப்பு அம்மனின் பெயின்டரை நான் இன்னும் தேடிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

முழுச் சுவரையும் ஒரே படமாக எடுத்தேன். போனில். எல்லோரும் சுவருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்கள். நகரச் சொல்லவில்லை.

முடித்துவிட்டு மகேஷ்குமார் மெல்லிய பிரஷ் ஒன்றை என்னிடம் நீட்டினான். “அத்தை உங்கிட்டக் குடுக்கச் சொல்லிச்சு.” கீழ் மூலையில் தேதி போட வேண்டுமாம், இனிமேல் எப்போது அடித்தாலும் போடுவதாகக் கமிட்டியில் முடிவாம்.

“எனக்கு வரைய வராதுத்தை,” என்றேன்.

“வாத்தா போடச் சொன்னேன்? தேதிதானட்டி. போடு.”

போட்டேன். 4.5.2025. ஐந்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது, பெயின்ட் கொஞ்சம் வழிந்தது. எதிர்வீட்டுச் சித்தி குனிந்து பார்த்துவிட்டு, “கோணலா இருக்கே,” என்றாள்.

கோணல்தான். ஆனால் தேதி சரி.